பூவுக்குப் பிறந்த வீட்டுக் கோடி

சுக்காம்பட்டியில் ஆள் சாகாமல் ஓர் இழவு விழுந்தது. விழுந்த இடம் காராச்சேவுக் கடை வன்னியராசு வீட்டு மொட்டை மாடி, விழுந்த நேரம் ஆடிக் காற்று அடங்கிப் போன ஒரு காலை. முந்தின சாயங்காலம் வரை பலூன் மாதிரி உப்பிக்கொண்டே போன மொட்டு அன்று வெடித்து, தொட்டியைப் பிளந்து, ஐந்து இதழும் ஐந்து பக்கம் மல்லாந்து, ஓர் இதழ் தலை, இரண்டு இதழ் கை, இரண்டு இதழ் கால் என்று ஒரு ஆள் கையையும் காலையும் அகட்டிப் படுத்திருக்கிற அளவுக்கு நட்சத்திரமாக விரிந்தது. மஞ்சள் தோல், அதில் குறுக்கும் மறுக்கும் ரத்தக் கோடு, ஓரமெல்லாம் நரை மயிர். அந்த இனத்துப் பூவுக்குப் பிண வாடை உண்டு என்பது செடி வளர்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கோ எலி செத்துக் கிடக்கிறது என்று ஈயை ஏமாற்றி வரவழைப்பதுதான் அதன் பிழைப்பு. ஈ வந்தது. ஈக்குப் பின்னால் காக்கை வந்தது. காக்கைக்குப் பின்னால், முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்தபடி கீழத்தெருப் பெண்கள் வந்தார்கள்.

"யாரு தாயி? யாரு?" என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

"யாரும் இல்லக்கா, மாடியில பூப் பூத்திருக்கு" என்றாள் வன்னியராசின் மனைவி செல்வக்கனி.

அப்படியா என்று படியேறிப் போய்ப் பார்த்தவர்கள், வந்ததும் வந்தாயிற்று என்று சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அந்த வாடையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் சாவு இருந்தது. குவைத்தில் வேலை பார்த்தபோது தாய் செத்து, லீவு கிடைக்காமல் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுத கொத்தனார் ஒருவருக்கு அது அவர் தாயின் வாடை, அவர் இப்போது வாயைப் பொத்தாமல் அழுதார். மாமியார் செத்த அன்று கண்ணில் தண்ணீர் வராமல் ஊர் வாயில் விழுந்த ஒருத்தி, விட்டதையும் சேர்த்து அழுது தீர்த்து, போகும்போது முகம் தெளிந்து போனாள். மத்தியானத்துக்குள் யாரும் போன் போடாமலே ஐஸ் பெட்டிக்காரர் வண்டியோடு வந்தார், கொட்டுக்காரர்கள் வந்தார்கள், சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்து இறங்கின. ஐஸ் பெட்டிக்குள் பூ நுழையவில்லை என்பதுதான் அன்றைக்கு இருந்த ஒரே சங்கடம். மறுநாள் சாத்தூரிலிருந்து ஆள் வந்தது, அதற்கு மறுநாள் கோவில்பட்டியிலிருந்து வந்தது, பிறகு பேர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் மாலையோடு வந்தது, மினி பஸ் கண்டக்டர் அந்தத் தெரு முனையில் "எழவு வீடு எறங்கு, எழவு வீடு எறங்கு" என்று சத்தம் கொடுக்கப் பழகிக்கொண்டான்.

இதெல்லாம் நடந்த தெருவுக்கு அடுத்த தெருவில், கிணற்று உறையும் பூந்தொட்டியும் வார்க்கிற தன் பட்டறையில், செல்வக்கனியின் உடன்பிறந்த அண்ணன் தவசிக்கனி சிமென்ட் கலவை கிண்டிக்கொண்டிருந்தார். ஊரில் போகாத ஆள் அவர் ஒருவர்தான்.

"என்ன அண்ணாச்சி, ஒமக்கு மட்டும் வாடை வரலையோ?" என்று போகிற வருகிறவர்கள் கேட்டார்கள்.

"சளி" என்றார் தவசிக்கனி.

சளி இல்லை, பகை. தவசிக்கனி பகையை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர். சிலர் பகையை வெயிலில் போட்டு உலர விட்டுவிடுவார்கள், சிலர் தண்ணீரை ஊற்றி அழுக விடுவார்கள், அவர் தன் மாடியில் இருக்கிற செடிகளுக்குச் செய்வது மாதிரியே அதற்கும் அளவாக வெயிலும் அளவாகத் தண்ணீரும் காட்டி வளர்த்து வந்தார். அந்த மாடியில் இல்லாத நட்சத்திரம் இல்லை. மஞ்சளில் மண்ணிறப் பட்டை போட்ட புலிப்பட்டை, நடுவே வழவழவென்று வளையம் எழும்பியிருப்பதால் டயர் என்று அவர் பெயர் வைத்தது, தொட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிற கம்பளி, சட்டைப் பித்தான் அளவே பூத்துச் செத்த பல்லி மாதிரி நாறுகிற கரிச்சான், நம் கரட்டுக் காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் பறித்துத் தின்கிற கள்ளிமுளையான் கூட ஒரு தொட்டியில் மரியாதையாக இருந்தது. இலை கிடையாது, விரல் விரலாகக் கொப்புதான். ஒரு விரலை முறித்து, காயத்தை உலர விட்டு, மணலில் சொருகினால் அது ஒரு செடி. கோயம்புத்தூர், பெங்களூர் என்று எங்கெங்கோ இருக்கிற செடிப் பைத்தியங்கள் செய்தித்தாளில் சுற்றி அவருக்கு விரல் அனுப்பினார்கள், அவரும் அனுப்பினார். அனுப்பாத செடி ஒன்றே ஒன்று. அதற்குத் தனியாக ஒரு தொட்டி வார்த்து, ஈரம் காய்வதற்குள் ஆணியால் "மகராசி" என்று அதன் மேல் கீறியிருந்தார். அந்தப் பெயரை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தீபாவளிக்குப் பலகாரம் கொண்டுவந்த வன்னியராசு, சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனான், வெயிலாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். இறங்குகிறவனின் வேட்டி மடிப்புக்கு மேலே ஒரு பச்சை விரல் எட்டிப் பார்த்தது.

"என்ன மாப்ளே அது?"

வன்னியராசு குனிந்து பார்த்தான், சிரித்தான். "கேட்டு வாங்கினா வேர் விடாது மச்சான்."

சுக்காம்பட்டியில் எல்லோரும் நம்புகிற சங்கதிதான் அது. கேட்டு வாங்கின கொப்பு மணலிலேயே சுருங்கும், கண்ணுக்குத் தெரியாமல் முறித்ததுதான் பிடிக்கும். தவசிக்கனி மாடியில் இருந்ததில் பாதி அப்படி வந்ததுதான். ஆனால் களவாடுகிறவன் பிடிபடக் கூடாது, பிடிபட்டால் சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டால் அது செடி விஷயம் இல்லை, மரியாதை விஷயம். "இனிமே ஒன் வீட்டு வாசப்படிய நான் மிதிச்சா, அங்க எழவு விழுந்த அன்னைக்குத்தான்லே மிதிப்பேன்!" என்று தெருவே கேட்கக் கத்தினார். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற செல்வக்கனி அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, புருஷன் பின்னால் போனாள்.

அந்த வருஷத்து அடைமழையில் தாய்ச் செடியான மகராசி அழுகிப் போயிற்று. ஒரு விரல் மிஞ்சவில்லை. வன்னியராசு மாடியில் களவு போன விரல் புதராக மண்டியது. தவசிக்கனி அந்தத் தொட்டியில் வேறு எதையும் வைக்கவில்லை, மண்ணோடு அப்படியே விட்டிருந்தார். பகைக்கும் ஒரு தொட்டி வேண்டும் அல்லவா.

இப்போது ஊரின் கதைக்கு வருவோம். இழவு வீட்டுக்கு ஊர் எப்படிப் பழகுமோ அப்படிப் பழகியது. வன்னியராசு கடையில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, சாவு வீட்டில் எப்படிச் சேவு பிழிவது. அக்கம்பக்கத்தார் முறை வைத்துக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். செடிப் பைத்தியங்கள் மூக்கில் விக்ஸைத் தடவிக்கொண்டு வந்து படம் பிடித்தார்கள், இது ஆப்பிரிக்காச் சரக்கு என்று ஒருவரும் இல்லை கலப்பு என்று ஒருவரும் சண்டை போட்டார்கள், சண்டையின் நடுவே அவர்களுக்கும் யாராவது ஞாபகம் வந்து ஓரமாக உட்கார்ந்து அழுதார்கள். பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கு வன்னியராசு நெஞ்சை நிமிர்த்தி, "வன்னியராசு நட்சத்திரம்" என்றான். அந்தச் சேதி அரை மணி நேரத்தில் பட்டறைக்கு வந்தது. தவசிக்கனி அன்றைக்கு வார்த்த உறை ஒன்றுகூட வட்டமாக வரவில்லை.

ஆனால் பூ வாடவில்லை. சாதாரணமாக இரண்டு மூன்று நாளில் சுருண்டு விழுகிற பூ, மல்லாந்த மேனிக்கு, பூத்த அன்றைக்கு இருந்த அதே நிறத்தில், அதே வாடையில் கிடந்தது. தெருவில் பிணம் கிடக்கும்போது கோயில் நடை திறக்கிற வழக்கம் இல்லை, அதனால் பத்திரகாளி கோயில் பூட்டியே கிடந்தது. செல்வக்கனியின் மகள் தேன்மலருக்கு ஆவணியில் அந்தக் கோயிலில்தான் கல்யாணம். பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை வீட்டார் ஊர் ஊராகக் கொடுத்து முடித்திருந்தார்கள். வேறு இடத்தில் வைக்கலாம் என்றால், பிணம் கிடக்கிற வீட்டுப் பெண்ணை எந்த இடத்தில் மணையில் உட்கார வைப்பது. வன்னியராசு அரிவாளோடு மாடி ஏறினான். பூவைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்ற எழுச்சியைப் பார்த்து, அரிவாளைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினான்.

ஒப்பாரியில் கைதேர்ந்த முப்பிடாதி அந்த வட்டாரத்தில் அழாத சாவு இல்லை. அவள்தான் ஒரு நாள் அழுகையை நிறுத்தி, மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, பூவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ ஏன் எந்திரிச்சுப் போகமாட்டேங்குறான்னு இப்பத்தான் வெளங்குது. பொறந்த வீட்டுக் கோடி விழலையே. கட்டிக் கொடுத்த பொம்பளைய, பொறந்த வீட்டுச் சேலை மேல விழாம தூக்குவாகளா? கோடிக்குக் காத்துக் கெடக்கா."

சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும், ஆமாம், இது நமக்கு முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். அந்தப் பூவுக்குப் பிறந்த வீடு எது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

ஊர்த் தலைவர் ராசகனியும் முப்பிடாதியும் இன்னும் நாலு பேரும் பட்டறைக்கு வந்தார்கள். தவசிக்கனி கையைக் கழுவாமலே நின்றார்.

"தவசி, ஒரு சேலைதானப்பா" என்றார் தலைவர்.

"சேலை இல்லண்ணாச்சி, கோடி. நான் கோடி போட்டா என்ன அர்த்தம்? நான் வளத்தேன், நான் கட்டிக் கொடுத்தேன்னு அர்த்தம். நான் எங்க கொடுத்தேன்? என் தங்கச்சியக் கொடுத்தேன், தட்டு மாத்தி, ஊர் சாப்பிட்டு, நீங்க சாட்சி நின்னு கொடுத்தேன். இது மடியில செருகிட்டுப் போனது. களவு போனதுக்கு எவனாவது கோடி போடுவானா?"

ஞாயம் தவசிக்கனி பக்கம்தான் இருந்தது.

"ஓடிப்போன பிள்ளை செத்தாலும் பொறந்த வீடுதான்யா கோடி போடணும்" என்றாள் முப்பிடாதி.

"ஓடிப்போகல. தூக்கிட்டுப் போனான்."

"எழவு விழுந்தா வாசப்படி மிதிப்பேன்னு சொன்னீரே, தெருவே கேட்டுச்சே. விழுந்திருச்சுல்ல?"

"பொணம் யாரு?"

"அத வந்து பாத்துச் சொல்லும்."

"சளி" என்றார் தவசிக்கனி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு.

மறுநாள் தேன்மலர் ஸ்கூட்டியில் வந்தாள். பெரியவர்கள் சண்டையில் அவள் ஒரு நாளும் சேர்ந்ததில்லை. போகிற வருகிற போதெல்லாம் பட்டறை வாசலில் "மாமோவ்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் போவாள், அவரும் பார்க்காத மாதிரி கையை மட்டும் தூக்குவார். அன்றைக்கு வண்டியை நிறுத்தி இறங்கினாள்.

"கல்யாணத்துக்கு வரமாட்டீகன்னு தெரியும் மாமா. அதுக்குத்தான் கோயில்ல வைக்கச் சொன்னேன். கோயிலுக்கு வந்தா எங்க வீட்டு வாசப்படிய மிதிச்ச கணக்கு வராதுல்ல? தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காம நான் மணையில உக்கார மாட்டேன்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டேன். இப்ப கோயிலும் பூட்டிக் கெடக்கு. நீங்களும் பூட்டிக் கெடக்கீக."

"ஒங்கப்பன் சொல்லி அனுப்பிச்சானா?"

"அவரு சொன்னா நான் கேட்டுட்டாலும். எங்கம்மா அந்தப் பூவுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்கா. சோறு எறங்கல. எல்லாரும் அவங்கவங்க சாவ நெனச்சு அழுறாங்க, இவ அழவும் மாட்டேங்கா. எங்கண்ணன் வராம எனக்கு எப்படி அழுக வரும்ங்கா."

அவள் போன பிறகு தவசிக்கனி கலவையில் தண்ணீர் ஊற்றினார், ஊற்றிக்கொண்டே இருந்தார், கலவை கூழாகிப் போயிற்று. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. அடுத்த தெரு ஒப்பாரியை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து பட்டறையில் கொட்டியது. முப்பிடாதி எடுக்க, பெண்கள் வாங்கிப் பாடினார்கள்.

"ஏ மகராசி... பொறந்த எடம் மறந்துட்டியே மகராசி... போன எடம் பூத்துட்டியே மகராசி..."

முப்பிடாதி எந்தப் பெண் செத்தாலும் மகராசி என்றுதான் எடுப்பாள், அது தவசிக்கனிக்குத் தெரியாததில்லை. இருந்தாலும், தன் வாயைவிட்டு வெளியே போகாத அந்தப் பெயர், ஈரச் சிமென்டில் ஆணியால் கீறி மழைக்கும் வெயிலுக்கும் கொடுத்து வைத்திருந்த அந்தப் பெயர், இப்படி நூறு வாயில் புறப்பட்டுத் தெருவைச் சுற்றி வருவதைக் கேட்டு நின்றார். நின்றவர் டீக்கடைக்குப் போனார். அங்கே கோயம்புத்தூர்ச் செடிக்காரர் ஒருவர் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பூவுக்கு என்ன பேருங்க?" என்று தவசிக்கனி யாரோ மாதிரி கேட்டார்.

"மகராசிங்க. எங்க குரூப்ல எல்லாம் அப்படித்தான் போட்டிருக்கோம்."

"வன்னியராசு நட்சத்திரம்னுல்ல சொன்னாக?"

"அந்த வீட்டுக்காரர் என்னமோ சொல்லிட்டிருந்தாருங்க. அழுகைச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலை. அத்தன பொம்பளைங்களும் மகராசின்னுதானே கூப்பிடறாங்க."

தவசிக்கனி டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அதைப் போல ஒரு டீயை அவர் அதற்கு முன்னாலும் குடித்ததில்லை, பின்னாலும் குடிக்கவில்லை. பிறகு சாத்தூருக்கு பஸ் ஏறினார்.

கோடி வந்த விதத்தை சுக்காம்பட்டி இன்றைக்கும் சொல்லும். தலையில் புது முண்டாசு, கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் அரக்குச் சேலை, அதன் மேல் மஞ்சளும் பூவும் எண்ணெயும் சீயக்காயும், முன்னால் கொட்டு, பின்னால் அவர் தெரு ஆட்கள் அத்தனை பேரும். கொட்டுக்காரர்களைச் சின்ன வழியாக விடாமல் தேரோடும் வீதி வழியாகச் சுற்றி அழைத்துக்கொண்டு வந்தார். வன்னியராசு வீட்டு வாசலில் வந்து கொட்டை நிறுத்தச் சொன்னார். வாசற்படியைப் பார்த்தார். படிக்கு அந்தப் பக்கம் வன்னியராசு நின்றான், சேவுக் கடைப் புகை படாததால் முகம் வெளுத்து, பார்க்கவே வேறு ஆள் மாதிரி.

"வாங்க மச்சான்" என்றான்.

"எழவுக்கு வந்திருக்கேன்" என்றார் தவசிக்கனி.

"எழவுக்குத்தான் வாங்க."

மிதித்தார். மிதித்ததும் தலைவர் ராசகனி ஊர் வழக்கப்படி குரல் எடுத்து, "பொறந்த வீட்டுக் கோடி! கெழக்குத் தெரு தவசிக்கனி வீட்டுக் கோடி!" என்று கூவினார். தவசிக்கனி திரும்பி, "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணாச்சி, அங்க தெரு முனையில கேக்கல" என்றார். தலைவர் இன்னொரு தடவை கூவினார்.

மாடியில் கால் வைத்ததும் அவருக்கும் வாடை வந்தது. அது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அடைமழையில் தொட்டிக்குள் கரைந்து போன தாய்ச் செடியின் வாடை. அன்றைக்குக் கோபம் முந்திக்கொண்டதால் அதற்கு அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. செல்வக்கனி எழுந்து வந்து, "எண்ணே..." என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அந்தச் சத்தத்தில் மாடிச் சுவரில் இருந்த காக்கை எல்லாம் எழும்பிப் போயின. தவசிக்கனியும் அழுதார். சளி என்று யாரும் சொல்லவில்லை.

சேலையை உதறி விரித்துத் தலையிலிருந்து கால் வரை போர்த்தினார். போர்த்திய சேலை மெல்ல மெல்லத் தாழ்ந்தது. தலை மடங்கியது, கை இரண்டும் மடங்கின, கால் மடங்கியது, கடைசியில் ஒரு பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றின அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. அவ்வளவு நாள் இருந்த வாடை, விளக்கை ஊதினது மாதிரி நின்றது. ஆட்கள் மூச்சை இழுத்துப் பார்த்தார்கள். அடுத்த வீட்டுத் தாளிப்பு மணம் வந்தது. பத்திரகாளி கோயில் பக்கமிருந்து, பூட்டைத் திறந்த பூசாரி மணியை அடிக்கிற சத்தமும் வந்தது. "ஆவணி தப்பிச்சுச்சு" என்றாள் தேன்மலர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பூவை எடுத்துக்கொண்டு கொட்டோடு எல்லோரும் இறங்கினார்கள். தவசிக்கனி துண்டைத் தேடுகிறவர் மாதிரி பின்தங்கினார். மாடியில் பிளந்த தொட்டியும், அதிலிருந்து நாலு பக்கமும் வழிந்து கிடந்த செடியும், அவரும்தான். குனிந்தார், ஒரு விரலை முறித்தார், வேட்டி மடிப்பில் செருகினார், துண்டைப் போட்டு மூடினார். படியில் திரும்பினால் வன்னியராசு நிற்கிறான்.

"மச்சான்" என்றான், துண்டுக்கு மேலே எட்டிப் பார்த்த பச்சை முனையைப் பார்த்துக்கொண்டே. "கேட்டா தரமாட்டேனா?"

தவசிக்கனி சிரித்தார். பிடிபட்டவன் சிரிக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் சிரித்தார், வன்னியராசு அன்றைக்குச் சிரித்ததைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தார்.

"கேட்டு வாங்கினா வேர் விடாது மாப்ளே."

சொல்லிவிட்டு, அவனுக்கு முன்னால் படியிறங்கிப் போனார். அவர் மாடியில் ஒரு தொட்டி காத்திருந்தது. பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது.